பிளேன்டீ நிறத்தில் 14 கதவுகள்

"கதவைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்புங்கள் தம்பி" என்றார் டீச்சர்.

திருப்பினேன். காலை பத்து மணி. மூட்டம் விலகி, கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. நெற்றியில் மூன்று விரலால் இழுத்த விபூதியைப் போல, கதவின் மேலிருந்து கீழ்வரை கருமையும் வெளிர்மையுமாகப் பட்டைகள் ஓடின. ஏறக்குறைய நான்கு அங்குலத்துக்கு ஒரு பட்டை. முதல் நாள் இரவு என் பட்டறையில் பார்த்தபோது இந்தக் கதவில் ஒரு குறையும் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை.

டீச்சர் இன்னொரு கதவை எடுத்து அதன் பக்கத்தில் நிறுத்தினார். அதில் பட்டை குறைவு. ஆனால் நிறம் சாம்பல் பூத்திருந்தது. மூன்றாவது கதவு சிவப்படித்தது. முப்பது வருடத்துக்கு மேல் தோட்டப் பாடசாலையில் கொப்பி திருத்திய கண் அது. "எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரித் தெரியவில்லையே" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பேன்ட்ரி அலுமாரிக்கு 14 கதவுகள், 5 லாச்சி (இழுப்பறை) முகங்கள். கிரவிலியாப் பலகை. கொட்டகலைப் பக்கம் அவர் கட்டிய புது வீட்டுக் குசினிக்கு. 2022 மார்ச் கடைசி. இலங்கையில் அந்த நாட்கள் யாருக்கும் மறந்திருக்காது. நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. மின்சாரம் இல்லையென்றால் ஸ்ப்ரே கன்னுக்குக் காற்றுத் தரும் கம்ப்ரசரும் இல்லை. வீதியோரம் பழைய லொறி கராஜ் ஒன்றுதான் என் பட்டறை. மேலே தகரம், நடுவில் ஒரே ஒரு மின்குமிழ். மின்சாரம் வந்த நேரத்தில், அது நடுச்சாமமானாலும், எழுந்து போய்க் கதவுகளுக்கு நிறம் அடித்தேன். மூன்று இரவுகள். மரத்துக்கு அடிக்கும் பூச்சான லாக்கர், நிறம் கலந்தது, ஒரு டின் ஹட்டனில் கிடைத்தது. அடுத்த டின்னுக்கு நாவலப்பிட்டி வரை போக வேண்டியிருந்தது. இரண்டு டின்னிலும் நிறத்தின் பெயர் ஒன்றுதான். அதை நம்பினேன்.

நாட்டு நிலைமையைச் சாக்காகச் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் மின்வெட்டு என் பிழைகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது, அவ்வளவுதான். அதற்கு முந்திய பத்து வருடமும் அதே பிழைகளைச் செய்துகொண்டுதான் இருந்தேன். கடும் பழுப்பு அடிக்கச் சொன்னவர்களும் கண்ணாடி போலத் தெளிவான லாக்கர் கேட்டவர்களும் என்னைக் காப்பாற்றி வந்தார்கள். டீச்சர் கேட்டதுதான் இரண்டுக்கும் நடுவில் விழுந்த நிறம், பால் கலக்காத தேநீரின் நிறம்: "பிளேன்டீயைக் கண்ணாடிக் கிளாஸில் ஊற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வருமே, அந்த நிறம்."

அந்த ஒரு வாக்கியத்திலேயே பிரச்சினையும் இருந்தது, தீர்வும் இருந்தது. எனக்குத்தான் அப்போது பிடிபடவில்லை.

ஒரே கேத்தலில் ஊற்றிய சாயத்தைச் சாசரில் ஊற்றிப் பாருங்கள். பொன் நிறம். கிளாஸில் ஊற்றினால் செம்பழுப்பு. வாளியில் ஊற்றினால் கறுப்பு. தேயிலை ஒன்று, தண்ணீர் ஒன்று. மாறியது ஆழம் மட்டுமே. நிறம் கலந்த லாக்கரும் அப்படித்தான். அது மரத்துக்குள் இறங்காமல் மரத்தின் மேல் படலமாக நிற்கிறது. படலம் தடித்த இடம் கருக்கும், மெலிந்த இடம் வெளிறும். தெளிவான லாக்கர் அடிக்கும்போது ஓர் இடத்தில் இரண்டு மடங்கு விழுந்தாலும் யார் கண்ணுக்கும் தெரியாது. அதே கையால் நிறத்தை அடித்தால், கையின் ஒவ்வொரு தடுமாற்றமும் கதவில் பதிந்துவிடும். அதிலும் நான் டின்னில் இருந்ததை அப்படியே, கடும் சாயமாக, ஒரே அடியில் நிறம் வர வேண்டும் என்று அடித்தேன். மின்சாரம் போவதற்குள் முடிக்க வேண்டுமே.

ஸ்ப்ரே கன் அடிக்கும் பட்டை நடுவில் தடித்து ஓரங்களில் மெலிந்திருக்கும். அதனால்தான் ஒவ்வோர் இழுப்பும் முந்திய இழுப்பின் பாதியை மூடிக்கொண்டு போக வேண்டும். கன்னின் மூக்கு, போன இழுப்பின் ஓரத்தைக் குறிபார்த்து ஓட வேண்டும். அப்போது எந்த இடத்துக்கும் இரண்டு பங்கு கிடைக்கும், கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாது. நான் மூன்றில் ஒரு பங்குதான் மூடியிருந்தேன். ஆகவே சில இடத்துக்கு இரண்டு பங்கு, சில இடத்துக்கு ஒன்று. அதுதான் விபூதிப் பட்டை.

கன் கதவிலிருந்து ஆறு முதல் எட்டு அங்குலத் தூரத்தில் இருக்க வேண்டும். என் சாண் ஏறக்குறைய எட்டு அங்குலம். பெருவிரலைக் கதவில் வைத்துச் சுண்டுவிரலைக் கன்னுக்கு நீட்டி அளந்து பழகினேன். இப்போது அளப்பதில்லை, தோள் அறிந்துவிட்டது. கிட்டப் போனால் வழியும். தூரப் போனால் துளிகள் காற்றிலேயே பாதி காய்ந்து, பொடியாக வந்து ஒட்டும். தடவினால் கைக்குச் சொரசொரக்கும், நிறமும் மங்கும். இன்னொரு கெட்ட பழக்கம் மணிக்கட்டை விசிறி போல ஆட்டுவது. விசிறினால் கதவின் நடுவுக்குக் கன் கிட்டவும், இரு ஓரத்துக்கும் தூரமாகவும் ஆகிவிடும். நடு கறுத்து ஓரம் வெளுத்த கதவைப் பார்த்தால், அடித்தவரின் மணிக்கட்டை நான் அங்கே காண்கிறேன். கை முழுவதும், தேவையென்றால் உடம்பும், கதவுக்குச் சமாந்தரமாக நகர வேண்டும். விசையைக் கதவுக்கு வெளியிலேயே அழுத்தி, மறு ஓரத்தைத் தாண்டிய பிறகே விட வேண்டும். கதவின் மேல் வைத்து அழுத்துபவர் அந்த இடத்தில் ஒரு கறுப்பு முத்தம் வைத்துவிட்டுப் போகிறார்.

இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தொழில் தந்த மாமா ஸ்ப்ரே கன்னைத் தொட்டதே இல்லை. அவர் பங்களாக்களின் பழைய கதிரை மேசைகளுக்குப் பஞ்சு உருண்டையால் அரக்குப் பொலிஷ் போட்டவர். கொண்டிஸ் (பொட்டாசியம் பெர்மாங்கனேட்) கரைத்துப் பூசி மரத்தைக் கருக்குவார். ஒரு மேசைக்கு ஒரு வாரம். கன்னைக் கண்டால் "இது வயலுக்கு மருந்தடிக்கிற சாமான் மாப்பிள்ளை" என்பார். முழுப் பிழையும் இல்லை. அமெரிக்காவின் டொலிடோ நகரில் டாக்டர் அலன் டிவில்பிஸ் என்பவர் 1888-இல் நோயாளிகளின் தொண்டைக்கு மருந்து தெளிக்கச் செய்த கருவியிலிருந்துதான் இந்த வம்சம் தொடங்குகிறது. அவருடைய மகன் அதை வர்ணம் அடிக்கும் கன்னாக வளர்த்தார். மாமாவுக்கு அதைச் சொல்ல வாய்க்கவில்லை. சொல்லியிருந்தால் அவருக்கு ஒரு வருடத்துக்குச் சிரிப்புக் கிடைத்திருக்கும்.

ஆனால் அவருடைய ஒரு வாரத்துக்குள் ஒரு விஷயம் இருந்தது. அவர் ஒரு நாளும் நிறத்தை ஒரே தடவையில் எடுத்ததில்லை. கொண்டிஸில் கொஞ்சம், அரக்கில் கொஞ்சம், கடைசிப் பொலிஷில் கண்ணுக்குத் தெரியாத அளவு கொஞ்சம். நான் அதைக் கிழவனாரின் மந்தம் என்று நினைத்திருந்தேன்.

நிறம் கெட்ட இரண்டாவது காரணம் மூட்டம். மூன்றாம் இரவு அடித்த நான்கு கதவுகள் என் கண்ணெதிரே பால் படர்ந்து வெளுத்தன. லாக்கரை இளக்கும் தின்னரில் கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றிப் பாருங்கள் என்று சொல்ல வருகிறது, ஊற்றாதீர்கள், தோலுக்கு ஆகாது. ஊற்றினால் எப்படிச் சில்லென்று இழுக்கும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஆவியாகும் தின்னர் தன்னோடு சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. கதவின் முகம் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்கிறது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால், குளிர்ந்த கிளாஸின் வெளிப்புறம் வியர்ப்பது போல, ஈரமான லாக்கரின் மேல் தண்ணீர் படிகிறது. அந்தத் தண்ணீர் படலத்துக்குள் சிக்கிக்கொண்டதுதான் அந்தப் பால்.

பாலை மறைக்க நான் அதன் மேலேயே இன்னும் நிறம் அடித்தேன். சாயத் தண்ணீரில் பால் மாவைப் போட்டுச் சரியாகக் கலக்காமல் விட்டால் எப்படியிருக்கும்? அந்தச் சாம்பல். டீச்சர் பார்த்த இரண்டாவது கதவு அது.

செய்ய வேண்டியிருந்தது ஒன்றும் பெரிதில்லை. கன்னைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் படுத்திருக்க வேண்டும். ஈரம் இறங்கிய நண்பகலில், மெதுவாகக் காயும் ரிட்டார்டர் தின்னரை லேசாகத் தெளித்திருந்தால் படலம் மறுபடி இளகி, சிக்கிய தண்ணீர் வெளியேறி, பால் பெரும்பாலும் மறைந்திருக்கும். நைட்ரோசெலுலோஸ் லாக்கரின் நல்ல குணம் அது; காய்ந்த பிறகும் தன் தின்னரைக் கண்டால் கரையும். ரிட்டார்டரை அளவுக்கு மீறிக் கலந்தால் அதுவும் வம்பு. படலம் நெடுநேரம் ஈரமாகவே நின்று வழியும். தூசியெல்லாம் வந்து குடியேறும்.

மலையகத்தில் இருப்பவர்கள் டின்னில் அச்சிட்ட அளவைப் பார்த்து வேலை செய்ய முடியாது என்பது என் கட்சி. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். வருடச் சராசரி வெப்பம் 16 பாகை செல்சியஸ் அளவில் நிற்கிறது. கொழும்பில் தண்ணீர் போல ஓடும் லாக்கர் இங்கே காலையில் தேன் போல நிற்கும். தடித்த லாக்கர் கன்னிலிருந்து குறைவாக வரும், துளியும் பெரிதாக விழும். நண்பகலில் அதே டின் இளகிவிடும். ஆக, காலையில் அடித்த கதவும் மதியம் அடித்த கதவும் ஒரே விசையில் ஒரே நிறம் எடுக்கா. நான் இப்போது டின்னை வெந்நீர்ப் பாத்திரத்தில் உட்கார வைத்துக் குளிர் நீக்குகிறேன். வெந்நீர்தான். அடுப்புக்குப் பக்கத்திலும் கொண்டுபோக மாட்டேன்; தோட்டத் தொழிலாளர் லயத்தில் விறகடுப்பு எரியும் சுவருக்கு மறுபக்கம் லாக்கர் வைத்திருந்த ஒருவரின் கதை எனக்குத் தெரியும், அதை இங்கே எழுத மனமில்லை. பிறகு அடியில் துளையுள்ள சிறு கிண்ணத்தில் லாக்கரை நிரப்பி, ஒழுகி முடிய எத்தனை விநாடி என்று எண்ணுகிறேன். என் கன்னுக்கு 18 முதல் 20 விநாடி சரி. உங்கள் கன்னுக்கு வேறாக இருக்கலாம். எந்த எண் என்பதைவிட, ஒவ்வொரு நாளும் அதே எண்ணாக இருப்பதுதான் முக்கியம்.

காற்றும் மலைக்கு மலை மாறும். ஜூன், ஜூலையில் தென்மேல் பருவமழை எங்கள் பக்கத்து மலைகளில் கொட்டித் தீர்க்கிறது. வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றரைத் தாண்டிப் பெய்கிறது. அதே காற்று மழையை இந்தப் பக்கம் இறக்கிவிட்டு மலையைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்கும்போது காய்ந்த கச்சான் காற்றாகிவிடுகிறது. ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏறுவதும் அந்தக் காற்றில்தான். ஊவாவிலுள்ள பண்டாரவளையில் இதே தொழில் செய்யும் நண்பர் ஜூலையில் தொலைபேசியில் அழைத்து, லாக்கர் கதவில் விழும் முன்பே காய்ந்து மாவாகிறது என்று புலம்புவார். நான் இங்கே சாக்கைப் போர்த்திக்கொண்டு, மூட்டம் எப்போது விலகும் என்று வாசலில் நிற்பேன். இருவரும் சொல்வது மெதுவாகக் காயும் தின்னரைத்தான். அவர் வறட்சிக்குப் போடுகிறார், நான் ஈரத்துக்கு.

கம்ப்ரசரைப் பற்றி ஒன்றே ஒன்று. தொட்டியின் அடியிலுள்ள குழாயைத் தினமும் காலையில் திறந்துவிடுங்கள். இங்கேயுள்ள காற்றை அமுக்கினால் தண்ணீர்தான் வரும். எங்கள் தொட்டியிலிருந்து வருவது துருவேறிப் பிளேன்டீ நிறத்திலேயே இருக்கும். அதைக் கதவில் தெளித்தால் டீச்சர் கேட்ட நிறமும் ஆகாது.

இனி மரம். கிரவிலியாவைத் தேயிலைக்கு நிழலாக நட்டார்கள். முற்றி விழுந்ததும் வெட்டியதும் பலகையாகி எங்களிடம் வருகிறது. இழைக்கும்போது அதன் தூள் சிலருக்குத் தோலைத் தடிக்க வைக்கும். என் முழங்கைகள் சாட்சி. அறுக்கும் கோணத்தைப் பொறுத்து அதன் முகம் மாறும். ஒரு வெட்டில் மீன் செதில் போல மின்னும் புள்ளிகள் நிறைந்திருக்கும்; இன்னொரு வெட்டில் வெறும் நீள ரேகைகள். செதில் நிறத்தை அவ்வளவாகக் குடிக்காது. ரேகைப் பலகை தாகம் எடுத்த மாடு போலக் குடிக்கும். ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகையை ஒரே கதவில் சேர்த்தால், நிறம் தொட்ட உடனே இரண்டு மரமாகிவிடும்.

செதிலை அழிக்க முனையும் ஆட்களை எனக்குப் பிடிப்பதில்லை. சீரான நிறம் என்றால் மரத்துக்குச் சுவர் வர்ணம் பூசுவது என்று அர்த்தமில்லை. செதில் செதிலாகவே இருக்கட்டும். பலகைக்குப் பலகை அடி நிறம் ஒன்றாக வந்தால் போதும். அதற்கு நான் இப்போது செய்வது இதுதான். கதவாகப் பொருத்தும் முன்பே பலகைகளைக் கலைத்துப் போட்டு, ஒத்தவற்றை ஒரு கதவுக்கென்று சேர்க்கிறேன். இழைத்து முடித்ததும் தின்னர் நனைத்த துணியால் ஒருமுறை துடைக்கிறேன். ஒளிந்திருக்கும் பசை அப்போது வெளிறிய திட்டாகத் தன்னைக் காட்டிக் கொடுக்கும். குறுக்காகத் தேய்த்த கீறலும் தெரியும். பசை இருக்கும் இடத்தில் எந்தச் சாயமும் ஏறாது. கதவின் நடுப்பலகையை நாலு பக்கமும் சரித்துச் சீவியிருப்போமே, அதில் மேல் கீழ் இரண்டு சரிவும் மரத்தின் குறுக்குவெட்டு. உறிஞ்சு குழாய்களின் வாய்கள் எல்லாம் அங்கேதான் திறந்திருக்கின்றன. முகத்தை 180-ஆம் இலக்கச் சாண்ட்பேப்பரோடு நிறுத்தினால், சரிவை 320 வரை தேய்த்து, தண்ணீராக இளக்கிய சீலரை ஒரு கை தெளித்து அந்த வாய்களை அடைக்கிறேன். இல்லாவிட்டால் ஒவ்வொரு கதவும் கண் மை தீட்டிக்கொண்டு நிற்கும்.

பிறகு முதல் நிறம். இதைத் துணியால் பூசித் துடைப்பதை விட்டுவிட்டேன். துணியால் பூசினால் குடிக்கிற இடம் குடிக்கிற அளவு குடித்துவிடும். ஸ்பிரிட்டில் கரைத்த சாயத்தை, மிக மெல்லியதாக, பனி போலத் தெளிக்கிறேன். துளி மரத்தில் விழுந்து உள்ளே இறங்குமுன் ஸ்பிரிட் பறந்துவிடும்; ஆகவே தாகமுள்ள பலகைக்கும் இல்லாத பலகைக்கும் ஒரே பங்குதான். வெளிறிக் கிடக்கும் பலகைக்கு மட்டும் இன்னொரு கை. இந்தக் கட்டத்தில் கதவைப் பார்த்தால் அழகாக இருக்காது, செத்த மரம் போலிருக்கும். பயப்படக் கூடாது. சீலர் விழுந்ததும் உயிர் வரும்.

சீலர் காய்ந்ததும் லேசாகத் தேய்க்க வேண்டும், மிக லேசாக. விளிம்புகளில் சாண்ட்பேப்பரைக் கொஞ்சம் அழுத்திவிட்டால் சீலரும் சாயமும் போய் வெள்ளை மரம் எட்டிப் பார்க்கும். விளிம்பைப் பட்டறைப் பையன்களிடம் கொடுப்பதில்லை. நானே விரல் நுனியால் தேய்க்கிறேன்.

அதன் பிறகே நிறம் கலந்த லாக்கர், அதுவும் சாசரில் ஊற்றிய தேநீர் போல இளக்கியது. எவ்வளவு இளக்குவது? அதே மரத் துண்டொன்றை எடுத்து, முழுவதும் ஒரு கை அடித்து, கால் பங்கைக் கடதாசியால் மூடி மறு கை, பாதியை மூடி மறு கை என்று படிப்படியாக நான்கு நிறம் எடுப்பேன். கேட்ட நிறம் மூன்றாம் படியில் வர வேண்டும். முதல் படியிலேயே வந்துவிட்டால் கலவை கடுமை. தெளிவான லாக்கரை இன்னும் சேர்க்க வேண்டும். மூன்று கையில் வரும் நிறத்தில் ஓர் இழுப்புத் தவறினாலும் மூன்றில் ஒரு பங்குதான் பிழை. முதல் கையைக் குறுக்காகவும் இரண்டாவதை நெடுக்காகவும் அடித்தால் பட்டை மேல் பட்டை உட்காராது. எல்லா டின்களையும் முதலிலேயே ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துவிடுவேன், பெயர் ஒன்றாக இருந்தாலும். நிறத்தூள் சேர்ந்த கலவையென்றால் அடிக்கடி கலக்கவும் வேண்டும். தூள் அடியில் தங்கி, முதல் கதவு வெளுத்துக் கடைசிக் கதவு கறுக்கும். மூன்றாவது கதவின் சிவப்பு, நாவலப்பிட்டி டின்னின் அடியிலிருந்து வந்தது.

அடிக்கும் முன்பு கன்னையும் விசாரிக்க வேண்டும். கன்னின் மூக்கிலுள்ள மூடியைக் கால் வட்டம் திருப்பினால் விசிறி படுக்கையாக விழும். சுவரில் ஒட்டிய பழைய பத்திரிகைத் தாளில், கையை அசைக்காமல், வழியும் வரை விசையை அழுத்துவேன். வழிந்த கோடுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இறங்கினால் கன் யோக்கியம். நடுக்கோடுகள் மட்டும் நீண்டால் லாக்கர் தடிப்பு அல்லது காற்றுப் போதாது. இரு ஓரமும் நீண்டு நடு சூம்பினால் காற்று அதிகம். ஒரு பக்கம் மட்டும் நீண்டால் எங்கோ அடைப்பு. மூடியை அரை வட்டம் திருப்பி மறுபடி அடித்துப் பார்ப்பேன். நீட்டம் மறு பக்கம் தாவினால் மூடியின் கொம்புத் துளையில் அடைப்பு, தாவாமல் அங்கேயே நின்றால் உள்ளே நொசிலில். துளையைக் கம்பியால் குத்தாதீர்கள். தின்னரில் ஊறவைத்து, ஈர்க்குச்சியால் எடுங்கள்.

அலுமாரிக் கூட்டின் உட்புறம் தனி நரகம். மூலைக்கு நேரே அடித்தால் காற்று உள்ளே மோதித் திரும்பி, மூலை வெளுத்து, மூலையிலிருந்து இரண்டங்குலத்தில் கறுக்கும். முடிந்தால் பின்பலகையைக் கழற்றியே அடித்துப் பிறகு பூட்டுங்கள். முடியாவிட்டால் காற்றைக் குறைத்து, விசிறியை ஒடுக்கி, ஒவ்வொரு பக்கத்தையும் மூலை வரை தனித்தனியாக. முகமூடி இல்லாமல் உள்ளே தலையை நீட்டுகிறவருக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

கடைசியாக வெளிச்சம். தலைக்கு மேல் தொங்கும் ஒற்றைக் குமிழின் கீழ் எல்லாக் கதவும் சீராகத்தான் தெரியும். இப்போது இரண்டு விளக்குகளைத் தரையிலிருந்து இடுப்பு உயரத்தில், பக்கவாட்டில் வைத்திருக்கிறேன். சாய்ந்து விழும் வெளிச்சம் பட்டையை மறைக்காது. மாதிரித் துண்டை வாடிக்கையாளரின் குசினிக்கே கொண்டுபோய் ஜன்னல் வெளிச்சத்திலும் அவர்கள் வீட்டு விளக்கிலும் காட்டுகிறேன். பகலில் ஒத்துப்போகும் இரண்டு நிறங்கள் இரவில் சண்டை போடுவது உண்டு. இன்னொன்று. கதவின் நிமிர்ந்த சட்டமும் குறுக்குச் சட்டமும் சில கோணங்களில் வேறு நிறமாகத் தெரியும். பதறிப்போய் வெளிறியதன் மேல் நிறம் அடித்துவிடாதீர்கள். கதவைப் படுக்கையாகத் திருப்புங்கள். கறுத்தது வெளுத்து, வெளுத்தது கறுத்தால் அது ரேகையில் வெளிச்சம் விளையாடும் விளையாட்டு. திருப்பியும் மாறாவிட்டால்தான் நிறத்தில் பிழை. இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் கெடுத்த கதவுகள் எத்தனை என்று கணக்கில்லை.

டீச்சரின் 14 கதவுகளையும் 5 லாச்சி முகங்களையும் திரும்பக் கொண்டுவந்தேன். தின்னரால் கழுவி, சுரண்டி, தேய்த்து, மேலே சொன்னதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டுபிடித்துக்கொண்டே செய்ததில் மூன்று வாரம் போயிற்று. அந்த நேரத்துத் தின்னர் விலையில் என் கூலி முழுவதும் கரைந்தது. பகலில் மின்சாரம் இருந்த நாளில் மட்டும், மூட்டம் இல்லாத நேரத்தில் மட்டும் அடித்தேன். பழைய சைக்கிள் சக்கரத்தின் நடுப்பகுதியை மேசைக் காலில் பொருத்தி, கதவைச் சுழற்றி அடிக்கும் பீடம் செய்ததும் அப்போதுதான். கதவைச் சுற்றி நான் ஓடுவதைவிட என்னைச் சுற்றிக் கதவு ஓடுவது மேல்.

பூட்டி முடித்த அன்று டீச்சர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், கண்ணாடிக் கிளாஸில் பிளேன்டீயோடு வந்தார். எனக்குத்தான் என்று கையை நீட்டினேன். தரவில்லை. கிளாஸை முதலாவது கதவுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது. 14 கதவுக்கும் போய் முடித்துவிட்டுத்தான் கொடுத்தார். ஆறிப்போயிருந்தது.

இந்த வாரம் பட்டறையில் ஒரு பலா அலுமாரி நிற்கிறது. வீட்டுக்காரரின் பாட்டனார் காலத்துச் சாமான். ஒரு லாச்சியைக் கறையான் தின்றுவிட்டதால் புதுப் பலாவில் செய்து நிறம் ஒட்ட வேண்டும். பழைய பலா செம்பழுப்பு, புதுப் பலா மஞ்சள். சாயம் தெளித்து, நிறம் இழுத்து, பழையதற்கு ஒரு படி குறைவாக நிறுத்திவிட்டேன். புதுப் பலா வெளிச்சம் பட்டுத் தானாகக் கருக்கும். இன்று அச்சொட்டாக ஒட்டவைத்தால் இரண்டு வருடத்தில் அந்த லாச்சி மட்டும் தனியாகக் கறுத்து நிற்கும்.

வீட்டுக்காரருக்கு இது பிடிக்கவில்லை. "அண்ணே, லாச்சி கொஞ்சம் வெளிறினாற் போல இருக்கிறதே" என்று நேற்று வந்து இரண்டு தரம் சொன்னார். கூலியில் பாதியைத் தாருங்கள், மீதியை 2 வருடம் கழித்து வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றேன். யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார். லாச்சியை ஜன்னல் ஓரம், வெயில் படும் இடத்தில் வைத்திருக்கிறேன். இன்று காலையிலிருந்து மூட்டம்.